வெளுத்துப்போன கை

அம்மாவின் வலது கை செத்துப்போய்விட்டது என்று முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். எனக்கு அப்போது ஏழு வயது.

மடுல்சீமையில் எங்கள் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி முடித்திருந்தார்கள். அடுப்புக்கு மிலாறுக் குச்சிகள் பொறுக்கப்போன அம்மா வழுக்கி விழ, வெட்டுப்பட்ட தேயிலைக் கட்டை முழங்கைக்குக் கீழே ஆழமாகக் கிழித்துவிட்டது. சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடினோம். தைப்பதற்கு முன் அங்கிருந்த ஐயா காயத்தைச் சுற்றி ஊசி போட்டார். கொட்டிக்கொண்டிருந்த இரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. சுற்றியிருந்த தோல், ஐயையோ, சாம்பல் பூத்ததுபோல வெளுத்துவிட்டது! அப்படியொரு தோலைப் பெரியப்பாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தபோதுதான் பார்த்திருந்தேன்.

"வலிக்குதாம்மா?"

"இல்லடி. ஒண்ணுமே தெரியல."

லயத்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன். அம்மாவோ சிரித்தாள். "கொழுந்து பறிக்கிற கைடி இது. இது போயிட்டா அப்புறம் நமக்கு என்னா இருக்கு? அவ்வளவு லேசுல போயிடுமா?"

வீட்டில் சித்தி தொட்டுப் பார்த்தாள். "ஐயோ அக்கா, சில்லுனு கெடக்கே!"

குளிரில் விறைத்த கைகாலுக்கு எங்கள் லயத்தில் ஒரே வைத்தியம்தான். உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பது. சித்தி காயத்துக் கட்டுத்துணியைச் சுற்றி ஒத்தினாள். அம்மாவுக்குச் சூடு தெரியவில்லை, எங்களுக்கு நிறுத்தத் தெரியவில்லை. தோல் கொப்பளித்துவிட்டது.

அந்த ஊசி மருந்து இரத்தக் குழாய்களைச் சுருக்கும், அதனால்தான் இரத்தம் குறைந்து தோல் வெளுக்கிறது, மரத்த நிலையும் நெடுநேரம் நிற்கிறது, பிறகு எல்லாம் தானாகத் திரும்பிவிடும் என்பது, பல் பிடுங்கப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போன வயதில், அதே ஊசியை எனக்குப் போட்ட டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. அன்று ஐயா சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டவரிடம் எதிர்க்கேள்வி கேட்கிற வழக்கம் எங்கள் லயத்தில் யாருக்கும் இருந்ததில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் தோலின் நிறம் திரும்பியது. கட்டுத்துணியில் இரத்தம் லேசாக ஊறியது. அம்மா திடீரென்று "ஆ!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். காயமும் கொப்புளமும் சேர்ந்து எரிந்திருக்க வேண்டும். மெல்ல விரல்களை மடக்கினாள். கொழுந்து கிள்ளுவதுபோலக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துப் பார்த்தாள். பிறகு தேம்பித் தேம்பி அழுதாள்.

"அம்மாவுக்கு வலிக்குது! வலிக்குது!" என்று நான் கைதட்டிக் குதித்தேன். சித்தி என் முதுகில் ஒன்று வைத்தாள்.

என்னைவிட அம்மா அதிகம் பயந்திருந்தாள் என்பது அன்று எனக்குப் புரியவில்லை. வலி தாங்காமல்தான் அழுகிறாள் என்று நினைத்தேன்.