அவித்த முட்டையும் ஒரு இங்கிலீஷ் வார்த்தையும்

பள்ளிக்கூட வாசலில் ஐஸ் வாங்கித் தின்றதோடு என் படிப்பு முடிந்துவிட்டது. அப்படிப்பட்ட எனக்கும் இங்கிலீஷ் கற்றுக்கொடுத்தவன் என் நண்பன் தணிகாசலம். எழுபதுகளில் காக்களூர் கம்பெனி ஒன்றில் அவன் டைப்பிஸ்ட், நான் லேத் மெஷினில்.

ஒரு திங்கட்கிழமை மதியம் சாப்பிடும்போது, எங்கள் மேனேஜரைப் போல முகத்தைக் கல்லாக வைத்துக் காட்டினேன்.

"இந்த மாதிரி ஆள இங்கிலீஷ்ல இன்னாபா சொல்வாங்க?"

"ரிசர்வ்டு. மனசுல இருக்கறத மூஞ்சில காட்டிக்க மாட்டாங்க," என்றான். யாருக்கும் கிள்ளிக்கூடக் கொடுக்காதவன், அன்று தன் அவித்த முட்டையை என் தட்டில் வைத்தான்.

"வெள்ளிக்கெழம ஊத்துக்கோட்டைலருந்து சம்சாரம், புள்ளைங்கள இட்டாரேன்பா. ஊடு பாத்துட்டேன்," என்றேன்.

"நல்லது," என்றான்.

குடும்பம் வந்து சேர்ந்த மறுநாள், கேட்டில் ஆட்குறைப்புப் பட்டியலை ஒட்டினார்கள். வாட்ச்மேன் படித்துச் சொன்னார். என் பெயர் இருந்தது.

"யாரு டைப் அடிச்சது?"

"உன் தோஸ்துதான். திங்கக்கெழம காலைலயே அடிச்சி வெச்சிட்டான்."

தணிகாசலத்திடம் ஓடினேன். "ஊட்டயே பேத்துக்கினு வந்துட்டேனே. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

அவன் தலையைத் தூக்கவில்லை. "சொல்லியிருந்தா என் வேல பூடும்பா."

வீட்டுக்குப் போனேன். மனைவி அடுப்பு மெழுகிக்கொண்டிருந்தாள்.

"இன்னா, சீக்கிரம் வந்துட்ட?"

"இன்னிக்கி அரை நாள் லீவுடி," என்று சிரித்தேன்.

தணிகாசலத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அவன் கற்றுக்கொடுத்த வார்த்தைக்கு, அவனைவிடப் பொருத்தமான ஆளாக அன்று என் வீட்டு வாசலில் நான்தான் நின்றேன்.