யாரோ உங்கள் பக்கத்தைப் பார்த்தார்

எங்கள் ஆபீஸில் அவனுக்கு ‘மூடுபனி’ என்று பெயர். வைத்தவள் நான்தான். டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள், அதில் ஏழெட்டுப் பேர். தொலைந்துபோன உறவுகளையும் சிநேகிதர்களையும் தேடிக் கண்டுபிடிக்கும் ஆப் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தோம். அவன் அதற்குப் படம் வரைபவன். வரைவது கம்ப்யூட்டரில், ஆனாலும் காதில் பென்சில் செருகியிருப்பான். நான் புகார்களுக்குப் பதில் எழுதுபவள், அதாவது தினமும் திட்டு வாங்குபவள்.

விளம்பரமே கிடையாது என்று முதலாளி மார்தட்டிக்கொள்வார். சரி, வாடகை எங்கிருந்து வரும்? பிறந்தநாளுக்கு அனுப்பப் பொம்மை ரோஜா விற்றோம், பெயருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ள நட்சத்திரம் விற்றோம். டீ செலவுக்குக்கூடத் தேறவில்லை. அப்போதுதான் மூடுபனிக்கு அந்த யோசனை வந்தது. உங்கள் பக்கத்தை யார் வந்து பார்த்தார்கள் என்று காட்டுவோம், ஆனால் முகத்தை மங்கலாக்கிக் காட்டுவோம். தெளிவாகத் தெரிய வேண்டுமானால் மாதச் சந்தா கட்ட வேண்டும்.

அந்த மங்கலுக்குப் பதம் பார்க்கவே அவனுக்குப் பல நாள் ஆயிற்று. கூடிப்போனால் யாரும் சட்டை செய்ய மாட்டார்கள். குறைந்தால் சும்மாவே கண்டுபிடித்துவிடுவார்கள். கண்ணாடி போட்ட ஆள் என்று தெரிய வேண்டும், யாரென்று தெரியக் கூடாது. சந்தா வந்து கொட்டியது. முதலாளிக்கு அதுவும் போதவில்லை. யாருமே எட்டிப் பார்க்காத பக்கங்களில் போலி முகங்களைப் போடச் சொன்னார். போட்டவனும் இவன்தான். நிஜமாகவே வந்து பார்த்தவர்களுக்கு, ‘நீங்கள் வந்தது அவருக்குத் தெரிவிக்கப்பட்டது’ என்று ஒரு வரி போகும். அதுவும் இவன் கைவண்ணம்.

நல்ல நிரந்தர வேலையை உதறிவிட்டு எங்களிடம் வந்தவன் அவன். அவனுடைய அம்மாவும் அக்காவும் ஒரே வீட்டில் இருந்தார்கள். எவனோ ஒருவனை நம்பி இருக்கிற வேலையை விடுகிறாயே என்று அம்மா சண்டை போட்டிருக்கிறார். இனிமேல் உங்கள் முகத்திலேயே முழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு இவன் கிளம்பி வந்துவிட்டான். கோபம் ஆறித் திரும்பிப் போனபோது அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். போன் நம்பரும் மாறிவிட்டிருந்தது. அன்றிலிருந்து ஆபீஸுக்கு வந்ததும் முதல் வேலையாக எங்கள் ஆப்பிலேயே அக்காவின் பெயரைத் தட்டித் தேடுவான். ஒன்றும் கிடைக்காது. அம்மாவைப் பார்த்துக் காலில் விழுந்தால் போதும் என்று என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான்.

அவன் பக்கத்திலும் தினமும் ஒரு மங்கல் முகம் வந்துகொண்டிருந்தது. ஆபீஸ் ஆட்களுக்கும் சலுகை கிடையாது. எங்கள் முதலாளி அப்பேர்ப்பட்ட கருமி. யாரென்று பார்த்தால்தான் என்ன என்று ஒருநாள் கேட்டேன். சிரித்தான்.

“நான் போட்ட தூண்டில்ல நானே மாட்டணுமா?”

கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்றுக்கு விற்ற வாரத்தில் முதலாளிக்கு மனசு இளகியது. ஊழியர்கள் எல்லோருக்கும் சந்தா இல்லாமலே முகம் தெரியும்படி பூட்டைத் திறந்துவிட்டார். மூடுபனி விளையாட்டாகத் தன் பக்கத்தைத் திறந்தான். இரண்டு மூன்று போலிகள் இருந்தன. மற்றதெல்லாம் ஒரே முகம். நரை விழுந்து, கண்ணாடி போட்ட அக்கா. கணக்கை மகளின் செல்லப்பெயரில் வைத்திருந்ததால்தான் தேடலில் சிக்கவில்லை. நாள் தவறாமல் வந்திருந்தவள் மழைக்காலத்தோடு நின்றுவிட்டிருந்தாள்.

அவன் உடனே அவளுக்கு எழுதினான். பதிலாக முகவரி மட்டும் வந்தது. தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றான், நானும் கூடப் போனேன்.

மூன்றாவது மாடி. வராந்தாக் கம்பியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்த அக்கா வா என்றாள், அவ்வளவுதான். அம்மா எங்கே என்று கேட்டான். மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோலச் சொன்னாள். உங்களை எங்கெல்லாம் தேடினேன் தெரியுமா என்று குழறினான்.

“தேடினியா? நாங்க வந்தது உனக்குத் தெரிவிச்சாச்சுன்னு தினமும் வந்துச்சே.”

மங்கலையும் போலி முகங்களையும் அவன் விளக்கினான். எனக்கு அவன் மேல் ஆத்திரமாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அக்கா முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

“அது நான் இல்லடா. நீ பேசின பேச்சுக்கு நீயா வரட்டும்னுதான் நான் இருந்தேன். அம்மாதான் எழுந்ததும் உன் பக்கத்தைப் போடச் சொல்லுவாங்க. தெரிவிச்சாச்சுன்னு நான் படிச்சாத்தான் நிம்மதி. இன்னிக்கு அதுலயே பேசுவான்னு போனைப் பக்கத்துலயே வெச்சிருப்பாங்க. சாயங்காலம் ஆனா, பாவம், அவனுக்கு வேலை அதிகம்னு என்கிட்டயே உனக்கு வக்காலத்து வாங்குவாங்க.”

கடைசி வரைக்குமா என்று அவன் கேட்டான்.

“கடைசியில பார்வை போயிடுச்சு. அதனால உன் போட்டோவைக் காட்டச் சொல்லிக் கேக்கல. நாம வந்து பாத்தது அவனுக்குப் போய்ச் சேர்ந்துச்சான்னு மட்டும் கேட்டாங்க. சேர்ந்துச்சும்மான்னு சொன்னேன்.”