ஷெட்டுக்குப் பால் காய்ச்சிய கதை

இங்கிலாந்தில் இருக்கும் என் தங்கை, முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானவர்களிடம் இணையத்தில் பணம் திரட்டி ஒரு பேக்கரி தொடங்கினாள். அந்தச் செய்தி வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றெரிச்சல்தான், வேறென்ன. நானோ பாறசாலையில் மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கில் சிப்ஸ் பொரித்து விற்பவள். கிழங்கு சீவும் இயந்திரம் ஒன்று வாங்க வங்கி வங்கியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு வாய்த்த சட்டத்தைப் பாருங்கள். அங்கே உரிமம் பெற்ற தளம் ஒன்றில் தொழிலைப் பற்றி எழுதிப் போட்டால், யார் வேண்டுமானாலும் சிறு தொகைக்குப் பங்கு வாங்கலாம். போட்ட பணம் முழுவதும் போகலாம் என்று முன்கூட்டியே கொட்டை எழுத்தில் எச்சரித்துவிடுவார்களாம். அமெரிக்காவிலும் ஒரு வரம்புக்குள் இதற்கு வழி உண்டாம். இதையெல்லாம் நான் தேடித் தேடிப் படித்தது அறிவு வளர்க்க அல்ல. அவளுக்குக் கிடைத்தது எனக்கும் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

நெய்யாற்றின்கரையில் கணக்கு அலுவலகம் நடத்தும் சித்தி மகனிடம் போய்க் கேட்டேன்.

"பங்கு தாறேன்னு இன்டர்நெட்ல ஊருக்கெல்லாம் கேக்கப்பிடாது அக்கா. தெரிஞ்ச கொஞ்சம் பேருட்ட தனியா கேக்கலாம். மத்தது குற்றமாக்கும்."

"ஆளுக்கு ஆள் கடன் குடுக்குற ஆப் உண்டே?"

"ரிசர்வ் பேங்க் அனுமதி உள்ளது உண்டு. ஒருத்தருக்கு ஒருத்தர் இவ்வளவுதான் குடுக்கலாம்னு வரம்பும் உண்டு. வட்டி கெட்டணும். சிகிச்சைக்குன்னா இன்டர்நெட்ல சும்மாவே கேக்கலாம், திருப்பிக் குடுக்கண்டாம். ஒனக்கு சீக்கு ஏதும் உண்டா?"

எனக்கு ஒரு தலைவலிகூடக் கிடையாது. அதற்கும் ஆத்திரம் வந்தது.

அப்போதுதான் சுருள் நினைவுக்கு வந்தது. விசேஷ வீட்டுக்குப் போகிறவர்கள் கவரில் வைத்துக் கொடுக்கும் பணம் அது. கொடுத்தவர் வீட்டில் விசேஷம் வரும்போது கொஞ்சம் கூட்டித் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே வராது. ஆனால் விசேஷம் ஒன்று வேண்டுமே? புது வீட்டுக்கு வைக்கும் பால்காய்ச்சைச் சிப்ஸ் பொரிக்கும் ஷெட்டுக்கே வைத்தேன்.

"ஷெட்டுக்கு யாராவது பால் காய்ச்சுவாவளா? ஒனக்கு வட்டாக்கும்" என்று பைத்தியப் பட்டம் கட்டினார் கணவர்.

கொல்லயில், செங்கல் என்று சுற்று ஊர்களிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். பாயசம் குடித்தார்கள், சுருள் வைத்தார்கள். இயந்திரம் வந்தது. தங்கைக்குப் படம் அனுப்பிவிட்டு அன்று இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. வெள்ளறடைப் பக்கம் காட்டுப்பன்றிகள் கிழங்கு போட்ட விளைகளைத் தோண்டிப் போட, மரச்சீனி விலை எட்டாத உயரத்துக்குப் போனது. மழைக்காலம் தொடங்கியதும் ஷெட்டைப் பூட்டினேன். அதே மழைக்காலத்தில் தங்கையின் பேக்கரியும் மூடப்பட்டது. சும்மா சொல்லக்கூடாது, கேட்டதும் மனசு கொஞ்சம் குளிர்ந்தது. பங்கு வாங்கியவர்களுக்கு என்ன பதில் சொல்லுவாய் என்று போனில் கேட்டேன்.

"எல்லாருக்கும் மெயில் அனுப்பியாச்சு அக்கா. போனாலும் போகும்னு தெரிஞ்சுதான போட்டாவ. அடுத்த தடவ நல்லா வரும்னு நெறைய பேரு எழுதியிருக்காவ."

நான் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அன்று செங்கலில், எனக்குச் சுருள் வைத்த ஒரு வீட்டில் கல்யாணம். கூட்டி வைத்த பணத்துடன் கவர் மேசைமேல் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொல்லயிலில் ஒரு பால்காய்ச்சு, அதற்கடுத்து இன்னொரு கல்யாணம்.

"சரி மக்கா, வைக்கட்டா?" என்றேன்.

நிம்மதியாக நஷ்டப்படக்கூட அவளுக்குத்தான் கொடுத்துவைத்திருக்கிறது.