ஒரே அறையில் இரு குரல்

எங்கள் கல்லூரியில் யாருக்கும் வேண்டாத வேலை ஒன்று இருந்தால், அது சுற்றிச் சுற்றி என் மேஜைக்குத்தான் வந்து சேரும். என் வாய் அப்படி. ஆசிரியர் கூட்டத்தில், மாற்றுத்திறனாளி மாணவர்களைத் தேர்வின்போது மூலைக்கு ஒருவராக உட்கார வைக்கிறோமே, இது நியாயமா என்று கேட்டு வைத்தேன். அதுவரை அந்தப் பொறுப்பைப் பார்த்துவந்த தமிழ்த் துறைக்காரர் அந்த மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார். முதல்வர் சிரித்துக்கொண்டே, "அப்ப நீங்களே பாத்துக்குங்க மேடம்" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

நான் வணிகவியல் நடத்துகிறவள். எதுவும் ஓர் ஒழுங்கில் இருந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். பழைய கோப்பைப் பிரித்துப் பார்த்தேன். வரலாறு மூன்றாம் ஆண்டில் பார்வையற்ற மாணவிகள் இரண்டு பேர். ஒருத்தியை நூலகத்தின் கோடியிலும், இன்னொருத்தியை அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த பழைய ஆய்வக அறையிலும் வைத்து எழுத விட்டிருக்கிறார். அந்த ஆய்வக அறையைப் போய்ப் பார்த்தேன். மின்விசிறி ஓடவில்லை. ஜன்னலோரம் உடைந்த நாற்காலிகள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படியா ஒரு மனிதர் பொறுப்பில்லாமல் இருப்பார் என்று அவரை மனதுக்குள் நன்றாக வைதேன். அறையைப் பூட்டிச் சாவியை அலுவலகத்தில் கொடுத்து, இனி சாமான் போட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டேன்.

அந்த இரண்டு மாணவிகளையும் கல்லூரியில் அறியாதவர் கிடையாது. ஒருத்தி நல்லம்பள்ளிப் பக்கம். வாயாடி. வராந்தாவில் யார் நடந்து போனாலும் செருப்புச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லி வம்புக்கு இழுப்பாள். இன்னொருத்தி பென்னாகரத்துக்கும் அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். இவள் வாயைத் திறந்து நான் கேட்டதே குறைவு. விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. பாடங்களை யாராவது வாசிக்கச் சொல்லிப் போனில் பதிந்துகொண்டு, ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு படிப்பார்கள்.

தேர்வு விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க வந்த அன்று பென்னாகரத்துப் பெண்ணிடம், அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன்.

"பி.எட். சேரணுமுங்க. எங்க மாமாதான் சரின்னு சொல்லணும். ஒரு பேப்பரு போனாலும், படிச்சது போதும், வூட்டோட இருன்னு சொல்லிருவாருங்க."

அப்பா இல்லாத பெண். அம்மாவின் தம்பிதான் குடும்பத்தைப் பார்க்கிறார். அவள் தேர்ச்சி பெற வேண்டும், அதுவும் ஒரே மூச்சில். எனக்கு அது மனதில் பதிந்துவிட்டது.

அதனால்தான் அப்படிப் பாடுபட்டேன். தரைத்தளத்தில் அலுவலகத்தை ஒட்டிய அறையைச் சண்டை போட்டு வாங்கினேன். வாசலில் சாய்தளம், பக்கத்திலேயே கழிப்பறை, இரண்டு மின்விசிறி, ஒரு தண்ணீர்க் கேன். இவர்கள் சொல்லச் சொல்ல எழுதுகிறவரை நாங்கள் ஸ்கிரைப் என்போம். அவர் கீழ் வகுப்பாக இருக்க வேண்டும், வேறு பாடம் படிக்க வேண்டும். என் துறையின் முதலாமாண்டுப் பெண்களை வரிசையாக உட்கார வைத்து வேகமாக வாசித்துக் காட்டி எழுதச் சொன்னேன். தப்பில்லாமல் எழுதிய இருவரைப் பிடித்தேன். மணிக்கு இருபது நிமிடம் கூடுதல் நேரம் என்று கதவில் பெரிதாக எழுதி ஒட்டினேன். தோழிகள் இருவரும் ஒரே அறையில் அக்கம்பக்கமாக இருந்தால் பயம் தெரியாது என்று எனக்கு ஒரே பூரிப்பு. முதல்வரைக் கூட்டிப் போய்க் காட்டாத குறைதான். உண்மையைச் சொன்னால், கூட்டிப் போயும் காட்டினேன்.

முதல் தேர்வு நாள். பத்து மணிக்குத் தொடங்கியது. பத்தே முக்காலுக்கு அந்த அறையின் கண்காணிப்பாளர் என்னைத் தேடி ஓடி வந்தார். புதிதாகச் சேர்ந்த கௌரவ விரிவுரையாளர்.

"மேடம், பென்னாகரத்துப் பொண்ணு ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது. ஸ்கிரைப் பேனாவ வெச்சிக்கிட்டு சும்மா உக்காந்துருக்குது. கேட்டா, சொல்றேன் இருங்கன்னுது. அப்பறம் திரும்ப கம்முனு இருக்குது."

எனக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேலேதான் இருக்கும். படிக்காமல் வந்துவிட்டாள் என்றே நினைத்தேன். இவளுக்காக நான் எத்தனை பேரிடம் மல்லுக்கு நின்றிருக்கிறேன்! விறுவிறுவென்று போய் அவளை வராந்தாவுக்கு அழைத்து வந்தேன். பெண் கண்காணிப்பாளர் ஒருவரும் விதிப்படி கூடவே வந்து நின்றார்.

"என்னம்மா நெனச்சிட்டிருக்க? முக்கா மணி நேரம் போச்சு. படிக்கலைன்னா படிக்கலைன்னு சொல்லித் தொலையேன்."

அவள் தலை குனிந்து நின்றாள். உள்ளே இருந்து நல்லம்பள்ளிக்காரியின் குரல் கணீரென்று வந்தது. "ரயத்வாரி முறையின் விளைவுகள். அடிக்கோடு போடு. ஒன்று, விவசாயி நேரடியாக அரசுக்கு வரி செலுத்தினான்..." வராந்தாவில் நின்ற எனக்கே ஒரு சொல் விடாமல் கேட்டது.

"கேக்குதுங்களா மேடம்?" என்றாள் இவள்.

"என்ன?"

"அவ சொல்றதுங்க. அதத்தான் நானும் சொல்லணும். ரெண்டு பேரும் ஒரே ரெக்கார்டிங்கக் கேட்டுதானுங்க படிச்சோம். அதே வரிதான் எனக்கும் வருது. அவ மொதல்ல சொல்லிடறா. அதுக்கப்பறம் நான் சொன்னா, அவகிட்ட கேட்டுச் சொன்னதுதானுங்களே."

"யாரும்மா அப்படிச் சொல்லுவாங்க?"

"சொல்லுவாங்க மேடம். பன்னெண்டாவதுல நல்ல மார்க்கு வாங்குனனுங்க. எங்க மாமா, அது பக்கத்துல உக்காந்து எழுதுன புள்ளையோட மார்க்கு, உன்னுது இல்லைன்னு சொன்னாருங்க. ஊருல எல்லாருக்கும் முன்னால."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கண் தெரிந்தவர்கள் பார்த்து எழுதக் கூடாதென்று நாற்காலிகளை இத்தனை அடி தள்ளிப் போடுகிறோம். காதால் உலகத்தைப் பார்க்கிற இரண்டு பேரை, ஒரே வினாத்தாளோடு, ஒரே அறையில் அடைத்துவிட்டுப் பூரித்துப் போயிருக்கிறேன். நான் மனதுக்குள் வைத அந்தத் தமிழ்த் துறைக்காரர் ஒருத்தியை நூலகத்திலும் ஒருத்தியை ஆய்வகத்திலும் போட்டது சோம்பேறித்தனத்தால் அல்ல. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் காரணத்தைக் கோப்பில் எழுதி வைக்கவில்லை. நானும் அவரைக் கேட்கவில்லை.

தரைத்தளத்தில் எல்லா அறையிலும் தேர்வு நடந்துகொண்டிருந்தது. நூலகத்தில் பழைய அலமாரிகளைப் பிரித்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஆய்வக அறைக்குள் நான் போடச் சொன்ன சாமான்கள்.

"கீழ ஒரு ரூமும் காலி இல்லியேம்மா. மேல ரெண்டாவது மாடியிலதான் இருக்குது. அங்க எப்படி உன்ன..."

"போலாமுங்க."

"அத்தன படி ஏறணுமே."

அவள் முகத்தில் அன்று முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "எனக்குக் கண்ணுதானுங்க மேடம் தெரியாது. காலு நல்லாத்தான் இருக்குது. எங்கூட்டு ஆடு கரடு ஏறுனா பின்னாலயே நானுந்தான் ஏறுவேன்."

கைப்பிடிச் சுவரில் ஒரு விரலை மட்டும் வைத்துக்கொண்டு கிடுகிடுவென்று ஏறினாள். ஸ்கிரைப் பெண் விடைத்தாளை அணைத்துக்கொண்டு, அந்தப் பெண் கண்காணிப்பாளரோடு பின்னால் ஓடினாள். மூட்டு வலிக்காரி நான் முதல் மாடித் திருப்பத்திலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டேன். மாற்றுத்திறனாளி என்றால் தரைத்தளம் என்று யார் எனக்குச் சொன்னது? ஊன்றுகோல் வைத்து நடக்கும் மாணவனுக்கு அது வேண்டும். இவளுக்கு வேண்டியது, பக்கத்தில் வேறு குரல் இல்லாத ஓர் இடம்.

போன முக்கால் மணி நேரத்தை என்ன செய்வது? அதைத் திருப்பித் தராவிட்டால் அவளால் முடிக்க முடியாது. முதல்வர்தான் தேர்வுக்கு முதன்மைக் கண்காணிப்பாளர். அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் யோசித்தார்.

"கரண்ட் இல்லைன்னு போட்டுரலாமா? உங்களுக்கும் பிரச்சினை வராது."

"பக்கத்து ரூம்ல எல்லாம் ஃபேன் ஓடுதுங்க சார். நாளைக்கு யாராவது கேட்டா அந்தப் பொண்ணுதான் மாட்டும். என்னோட தப்புன்னே எழுதித் தர்றேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "தப்புன்னு நீங்க எழுதித் தர்றீங்களா? எதுக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து எனக்குக் குடுங்க. ஃபிரேம் போட்டு மாட்டிக்கறேன்."

எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் கேலி செய்துகொண்டே அவர் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவுக்குப் போன் போட்டுவிட்டார். எழுத்தில் அனுப்புங்கள், நேரம் கொடுங்கள் என்று பதில் வந்தது. இரு மாணவிகளையும் ஒரே அறையில் அமர்த்தியது என் தவறு, அதனால் அவர்களில் ஒருவரால் முக்கால் மணி நேரம் எழுத முடியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இத்தனை வருட வேலையில் அப்படி ஒரு வரியை நான் எழுதியதில்லை. எழுதிய பிறகு வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

மறுபடி இரண்டாவது மாடி ஏறினேன். படிக்கட்டு முடியும் முன்பே குரல் கேட்டது. ஒரு நொடி, நல்லம்பள்ளிக்காரி எப்படி இங்கே வந்தாள் என்று திகைத்துவிட்டேன். இவள்தான். மூன்று வருடமாக ஊமை மாதிரி நான் பார்த்த பெண். காலி அறைகள் நிறைந்த அந்த மாடி முழுக்கக் கேட்கும்படி, நிறுத்தி நிறுத்தி, காற்புள்ளி அரைப்புள்ளியோடு சொல்லிக்கொண்டிருந்தாள். தோழி சொன்ன அதே ரயத்வாரிதான். ஆனால் நடுவில், "இந்த மாவட்டத்து வறண்ட காட்டுக்கும் அதே வரிதான் விதித்தார்கள்" என்று ஒரு வரி வந்தது. கீழே நான் கேட்ட பதிலில் அது இல்லை.

நான் வராந்தாவிலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். உள்ளே கண்காணிப்பாளர் இருந்தார், நான் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் எழுந்து போக மனம் வரவில்லை. சாப்பாட்டு நேரம் போனது. மற்ற மாணவர்கள் எல்லாம் பஸ் ஏறிவிட்டார்கள். ஜன்னல் வழியாக வேப்பமரக் காற்று வந்துகொண்டிருந்தது. வரலாறு எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பாடம். அன்று கடைசி வரை கேட்டேன், நன்றாகவே இருந்தது. கொடுத்த நேரத்தில் ஒரு நிமிடத்தைக்கூட அவள் மிச்சம் வைக்கவில்லை.

அடுத்த தேர்விலிருந்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, உனக்கு எந்த இடம் தோது என்று கேட்டுவிட்டுத்தான் அறை போட்டேன். ஓய்வு பெற்றவருக்கும் போன் செய்து, நான் பண்ணிய கூத்தைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

முடிவு வந்த அன்று மாலை பென்னாகரத்துப் பெண்ணின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எல்லாத் தாளிலும் தேர்ச்சி என்பதை நான் காலையிலேயே பார்த்துவிட்டேன். அவளுக்கும் தெரியாமல் இருக்காது.

"மேடம், ஸ்பீக்கர்ல போட்டுருக்கனுங்க. எங்க மாமா பக்கத்துல இருக்காரு. அந்த மொதப் பேப்பர்ல எனக்கு என்ன மார்க்குன்னு சொல்றீங்களா?"

சொன்னேன். கல்லூரியிலேயே அந்தத் தாளில் அதுதான் அதிகம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அந்தப் பக்கம் ஓர் ஆண் தொண்டையைச் செருமினார். "வணக்கமுங்க. தப்பா நெனச்சிக்காதீங்க. எழுதுனது வேற புள்ளைங்கறாங்க. அத்தனையும் இவளே சொன்னதுங்களா?"

"ஒரு வரி பாக்கியில்லாம இவளே சொன்னதுங்க. வெளிய ஸ்டூல் போட்டு உக்காந்து முழுசாக் கேட்டவ நான். நீங்களும் வந்து கேட்டிருக்கணும்."

போனில் எங்கோ ஆடு கத்தியது.

"சரிங்க," என்றார் அவர். "அந்த பி.எட்.டுக்கு இவளக் கூட்டிக்கிட்டு என்னைக்கு வரட்டுமுங்க?"