பதினெட்டாவது பெயர்

கால்வாய் தூர்வாரும் வேலைக்கு காண்ட்ராக்டர் பில் போட்டால், பில்லில் உள்ள ஆட்கள் நிஜமாகவே வேலை செய்கிறார்களா என்று போய்ப் பார்ப்பது என் உத்தியோகம். முப்பது வருடமாகத் தணிக்கைத் துறையில் இருக்கிறேன். பொய்க் கணக்கைக் கண்டால் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிடும். நெட்டுக்குப்பத்து கோவிந்தம்மாவிடமும் அதைத்தான் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

கோவிந்தம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்து மீன் படாமல் போன பிறகு, புருஷனோடு காண்ட்ராக்ட் வேலைக்கு வந்தவள். தினமும் காலை ஏழு மணிக்கு சூப்பர்வைசர் வரதன் வருகைப் பதிவேட்டைப் பிரித்துப் பெயர் கூப்பிடுவார். பதினேழு பேர் "கீறேன்" என்பார்கள். பதினெட்டாவதாக "தண்டபாணி" என்றதும் கோவிந்தம்மா "கீறாரு" என்பாள். அது அவள் புருஷன் பெயர். வரதன் டிக் அடித்துவிடுவார்.

தண்டபாணி இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு லீவு நாளில் வலை போடப் போனவர். படகு மட்டும் கரை ஒதுங்கியது. உடல் கிடைக்கவில்லை. அந்த ஆளுக்கும் சேர்த்து மாதாமாதம் காண்ட்ராக்டர் பில் எடுத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அதில் ஒரு பைசா கிடையாது. பிறகு எந்த லட்சணத்துக்கு இந்தப் பொய் என்று கால்வாய்க் கரையில் எல்லோர் முன்னாலும் அவளிடம் கத்தினேன்.

"பொய் இல்ல சார். திரும்பி வந்தா அவருக்கு வேல இருக்கணுமில்ல? பேர அடிச்சிடாதே."

ஊரே சொல்லியும் அவள் தாலியைக் கழற்றவில்லை. அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அவளிடம் இருந்தது அந்தப் பதிவேட்டு வரி ஒன்றுதான். எனக்கு அது அப்போதே புரிந்தது. ஆனால் பில்லை நிறுத்த வாக்குமூலம் வேண்டும். இன்னார் வேலைக்கு வரவில்லை என்று அவள் வாயாலேயே பெயர் சொல்ல வேண்டும்.

அந்தக் குப்பத்தில் அவள் வயதுப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "அவரு" என்றாள். பிள்ளை பெயரை வைத்து உதயாவோட அப்பா என்றாள். உதயாவோட அப்பா என்று பில்லில் எங்கே எழுதியிருக்கிறது என்று எகிறினேன். கடைசியில் முந்தானையை வாயருகே பிடித்துக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாகச் சொன்னாள்.

"தண்டபாணி."

"கீறேன்."

குரல் தண்ணீர்ப் பக்கமிருந்து வந்தது. தினமும் பதில் சொல்கிற ஆள் சொல்வதுபோல, சாதாரணமாக. எல்லோரும் திரும்பினோம். அங்கே ஆள் யாரும் இல்லை. கரையில் படுத்திருந்த நாய் எழுந்து மெல்லப் பின்னால் நகர்ந்தது. பதிவேட்டைப் பிரித்தபடி நின்ற வரதன் பேனாவைக் கீழே போட்டார். பழக்க தோஷத்தில் அதற்குள் டிக் அடித்திருந்தார்.

கோவிந்தம்மா வெகுநேரம் தண்ணீரையே பார்த்தாள். பிறகு வாக்குமூலத்தில் கைநாட்டு வைத்தாள்.

மறுநாளும் போனேன். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. வரதன் பதினேழு பேரைக் கூப்பிட்டுவிட்டு, தயங்கித் தயங்கிப் பதினெட்டாவது பெயரையும் கூப்பிட்டார். தண்ணீர்ப் பக்கம் சத்தமே இல்லை. கோவிந்தம்மாவும் வாய் திறக்கவில்லை. அவள் நெற்றியும் கழுத்தும் வெறுமையாக இருந்தன.

என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"நான் பேரு சொல்லாத வரைக்கும் இருந்தாரு சார். நீ சொல்ல வெச்சிட்டே. பதில் சொல்லிட்டுப் போய்ட்டாரு."

வரதன் பதிவேட்டை என்னிடம் நீட்டினார். 'வரவில்லை' என்று நானே எழுதினேன்.