சுவரைப் பார்த்துத் தூக்கிய கை

விழுப்புரத்தில் பிசியோதெரபி கடைசி வருடம் படித்தபோது, தோள் இறுகிப்போனவர்களுக்கு எந்தப் பயிற்சி பலன் தருகிறது என்பதுதான் என் ஆய்வு. அதற்கு வந்தவர்களில் ஒருவர் காணை கிராமத்துப் பக்கத்து அம்மா. கரும்பு வெட்டிக் காய்த்த கை, காதில் கம்மல் இருக்க வேண்டிய இடத்தில் வேப்பங்குச்சி. கையைத் தூக்கச் சொன்னால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, முந்தானையைக் கடித்துக்கொண்டு தூக்குவார். கூச்சம் என்று நினைத்தேன். வாராவாரம் அவர் கைதான் எல்லோரையும்விட உயரப் போனது.

கடைசியாக அளப்பதற்கு முந்தைய நாள் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். பஸ்ஸில் ஏறக் கம்பியைப் பிடிக்கப் போனார். அந்தக் கை தோள்வரைகூட எழவில்லை. பக்கத்தில் ஓடினேன்.

“வலிக்குதாம்மா?”

“வலிக்காம? நான் கை தூக்கலன்னா உன்ன பெயிலாக்கிடுவாங்களாமே. அதான் பல்லக் கடிச்சிக்கினு தூக்கறேன்.”

“அப்படியெல்லாம் இல்லம்மா. முடிஞ்ச வரைக்கும் தூக்குங்க, போதும்.”

“சரி தம்பி, நீ பயப்படாத.”

திண்டிவனத்தில் வீடு போய்ச் சேரும்வரை, நான் எழுதி வைத்த அளவுகளில் எது நிஜம் என்று தெரியாமல் தவித்தேன்.

மறுநாள் பேராசிரியர் என் பக்கத்திலேயே நின்றார். நான் கோணம் அளக்கும் கருவியை அந்த அம்மாவின் தோளில் வைத்து, “வலிச்சா நிறுத்திடுங்கம்மா” என்றேன்.

அந்த அம்மா என் காதருகே குனிந்தார்.

“இவருதான் மார்க்கு போடறவரா?”

நான் வாய் திறப்பதற்குள் முகம் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டது. கை மேலே போய்க்கொண்டே இருந்தது.