நாணயம் கைமாறிய கிழமை

துறைமுகத்தடியில் பைபர் வள்ளம் கட்டும் கம்பனியொன்றில் நான் மேற்பார்வையாளன். எங்களிடம் இரண்டு பொறியியலாளர்கள். வள்ளம் கட்டுவிப்பவர் கிண்ணியாக்காரர். கட்டியதைச் சோதிப்பவர் ஓர்ஸ் ஹில்காரர், வயதில் இளையவர். இவர் ஐந்து ரூபாய் நாணயத்தால் வள்ளத்தைத் தட்டிக்கொண்டே போவார். ‘டிங்’ என்றால் நல்லது. ‘டொக்’ என்றால் உள்ளே காற்று நிற்கிறது; சிவப்புச் சோக்கால் வட்டம் விழும், அந்த இடத்தை வெட்டி நிரப்ப வேண்டும்.

சம்பூர்க்காரர் ஒருவர் மீன்பிடிக்கவென்று எங்களிடம் சொல்லிவைத்த வள்ளத்தில் அப்படியொரு வட்டம் விழுந்தது. கடல் அடங்கும் காலம் நெருங்கியிருந்தது. அதற்குள் வள்ளம் கைக்கு வராவிட்டால், அவர் பேசி வைத்திருந்த ஆட்கள் வேறு வள்ளத்தில் ஏறிவிடுவார்கள்.

“உவர் வள்ளம் பாக்கிறாரோ, சந்தையில தேங்காய் வாங்குறாரோ?” என்று கிண்ணியாக்காரர் பொரிந்தார். “சனம் காத்து நிக்குது!”

“சனம் மிதக்கவும் வேணுமே, நானா,” என்றார் இளையவர்.

ஆட்களின் கதையைக் காதில் பிடித்து வைப்பது என் பழக்கம். அந்தத் தேங்காயையும் பிடித்து வைத்தேன்.

அந்தக் கிழமைதான் கொழும்பிலிருந்து புது முகாமையாளர் வந்தார். ஒரே கதிரையில் இருந்தால் மூளை துருப்பிடிக்குமாம். இருவரையும் பிரிவு மாற்றிவிட்டார்.

இளையவர் தான் போட்ட வட்டத்தைத் தானே வெட்டி நிரப்புவிக்க வேண்டியதாயிற்று. முடிந்ததும் கிண்ணியாக்காரர் நாணயத்தோடு வந்தார். காதை வள்ளத்தோடு ஒட்டிவைத்துத் தட்டினார். முன்மூக்குக்குக் கீழே, ‘டொக்’.

“நானா, சின்ன இடம்தானே, விடுங்கோ. சனம் காத்து நிக்குது.”

“ஏலாது தம்பி. தேங்காய் அழுகல்.”

நான் சிரிப்பை அடக்க இருமினேன். வாசலில் நின்ற சம்பூர்க்காரருக்குச் சிரிப்பு வரவில்லை.

“நீங்கள் ரெண்டு பேரும் கதிரை மாறியாச்சு. என்ர வள்ளம் மட்டும் நிண்ட இடத்திலயே நிக்குது.”

இருவரும் ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒன்றாகக் குந்தினார்கள். ஒருவர் வெட்டினார், மற்றவர் தட்டினார். முகாமையாளர் அதைப் படம் பிடித்து, பிரிவு மாற்றத்தின் வெற்றி என்று கொழும்புக்கு அனுப்பினார்.

பூச்சு இறுகியதும் லொறி வந்தது. ஏற்றுமுன் சம்பூர்க்காரர் மடியிலிருந்து தன் நாணயத்தை எடுத்தார். முன்மூக்கிலிருந்து வால்வரை, ஓரிடம் விடாமல் தட்டினார். அதுவரை இரண்டு பொறியியலாளர்களும், பரீட்சை மறுமொழிக்கு நிற்கும் பிள்ளைகள் மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

“ஓம்,” என்றார் அவர். “ஏத்துங்கோ.”